இன்மை பூணும் வேடங்கள்

ஜாவாஸ்கிரிப்டில் எங்குமே அறிவிக்கப்படாத ஒரு பெயரை எழுதி அதன் மதிப்பு என்ன என்று கேட்டால், மொழி கையை விரித்துவிடும். ரெஃபரன்ஸ் எரர், நிரல் அந்த வரியிலேயே நின்றுபோகும். அதே பெயருக்கு முன்னால் டைப்ஆஃப் என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கேட்டால் கோபமும் இல்லை, நிற்பதும் இல்லை. 'அன்டிஃபைன்ட்' என்று சாவதானமாக ஒரு பதில் வருகிறது. அதே பெயரை விண்டோ என்ற பொருளின் உறுப்பாகக் கேட்டால் அப்போதும் அன்டிஃபைன்ட்தான். அதைச் சமக்குறிக்கு இடப்பக்கம் வைத்து 5 என்று எழுதிவிட்டால், யாரைக் கேட்டுப் பிறந்தாய் என்று ஒரு வார்த்தை இல்லாமல், பக்கம் முழுவதற்கும் பொதுவாக அந்தப் பெயரில் ஒரு மாறி பிறந்துவிடுகிறது. கண்டிப்பு முறையை முடுக்காத ஜாவாஸ்கிரிப்டின் நடத்தை இது. தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை; வேலைக்கான நேர்காணல்களில் புதிராகக் கேட்கப்பட்டுத் தேய்ந்துபோன சங்கதிதான். புதிருக்கு விடை சொன்னதும் விஷயம் முடிந்தது என்று நகர்ந்துவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு மொழி, இல்லாத ஒன்றைப் பற்றி இடத்துக்குத் தக்கபடி பேசுகிறது என்றால், இல்லாமையைப் பற்றி அதற்கு ஒரு நிலைப்பாடே கிடையாது என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தில் இல்லாமை தனக்குக் கிடைத்த வேடத்தைப் போட்டுக்கொண்டு, இருக்கிறவற்றோடு கலந்து நடமாட ஆரம்பிக்கிறது.

1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. இந்தப் பிசகுகளையும் அந்தப் பத்து நாள் கணக்கிலேயே எழுதிவிடுவது வழக்கம். எனக்கு அது சரியான கணக்காகப் படவில்லை. அந்த முதல் ஜாவாஸ்கிரிப்டில் பிழையைப் பிடித்துச் சமாளிக்கும் வசதியே இல்லை; ட்ரை, கேட்ச் என்ற இரண்டும் மொழியின் தரநிலைக்குள் வந்தது 1999 டிசம்பரில் வெளியான அதன் மூன்றாம் பதிப்பில்தான். பிடிக்க ஆளில்லாத இடத்தில் பிழையை எறிந்தால் அது நிரலைக் கொல்வதைத் தவிர வேறெதுவும் செய்யாது. நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பில் இல்லாத பட வசதி மூன்றாம் பதிப்பில் வந்தபோது, இரண்டிலும் ஓடவேண்டிய பக்கங்களை எழுதியவர்கள் 'டாக்குமென்ட் டாட் இமேஜஸ் இருந்தால் செய், இல்லாவிட்டால் விடு' என்று ஒரே வரியில் முடித்தார்கள். இல்லாத உறுப்பைக் கேட்டால் கத்தாமல், பொய்க்குச் சமமான ஒரு மதிப்பைத் திருப்பித் தந்ததால்தான் அந்த வரி ஓடியது. ஆகவே அந்த மௌனத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. 'இருக்கிறாயா' என்பது ஒரு கேள்வி, 'என்ன வைத்திருக்கிறாய்' என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு 'இல்லை' என்பது முறையான பதில். இரண்டாவதற்கு அது பதிலே இல்லை. கேள்வியே தப்பு என்று சொல்லவேண்டிய இடம் அது. மொழி இரண்டுக்கும் ஒரே சரக்கை எடுத்து நீட்டியது.

அந்தச் சரக்கு பிறகு எங்கெல்லாம் போகிறது என்பதைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்க்கவேண்டும். ஒரு கடையின் இணையப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். பொருளின் விலை சின்ன எழுத்தில் தொடங்கும் 'பிரைஸ்' என்ற பெயரில் இருக்கிறது; நிரலில் எங்கோ ஒரு வரி பெரிய எழுத்தில் தொடங்கும் 'பிரைஸ்' என்று கேட்கிறது. எழுத்தின் அளவு மாறினால் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது வேறு பெயர். பதில், அன்டிஃபைன்ட். அதை எண்ணிக்கை மூன்றால் பெருக்குகிறது நிரல். விடை நேன், அதாவது 'எண் அல்ல' என்ற பெயருடைய எண் வகை மதிப்பு. அதனோடு எதைக் கூட்டினாலும் நேன்தான், ஆகவே மொத்தத் தொகையும் நேன். அடுத்த வரி பாதுகாப்புக்கு எழுதப்பட்டது: தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் நிறுத்து. நேன் எதைவிடவும் பெரியதில்லை, எதைவிடவும் சிறியதில்லை, தனக்கே சமமும் இல்லை. தாண்டவில்லை என்று காவல்காரர் வழிவிடுகிறார். தொகை ஜேசன் வடிவத்தில் சர்வருக்குப் புறப்படுகிறது. ஜேசனில் நேனுக்கு இடமில்லை. மாற்றித்தரும் செயற்கூறு முணுமுணுக்காமல் அதை 'நல்' என்று எழுதிவிடுகிறது. தரவுத்தளம் அந்த நல்லை வாங்கிப் படுக்கவைக்கிறது. வெற்று மதிப்பு அதற்குப் பழக்கமானதுதான். மறுநாள் இன்னொருவர் எழுதிய நிரல் அதை எடுத்து, அனுப்பும் கட்டணமாக 60 ரூபாயைக் கூட்டுகிறது. ஜாவாஸ்கிரிப்டின் கூட்டலில் நல் என்றால் பூஜ்யம். வாடிக்கையாளருக்கு 60 ரூபாய் பில். அன்டிஃபைன்ட் நேனாகி, நேன் நல்லாகி, நல் பூஜ்யமாகி, கடைசியில் வெளியே வந்தது சுத்தமான ஒரு எண். எந்தப் படியிலும் விதி மீறப்படவே இல்லை, எல்லாம் ஆவணத்தில் எழுதியிருக்கிறபடிதான் நடந்தது. திரையில் 'வணக்கம், அன்டிஃபைன்ட்' என்று அசட்டுத்தனமாக வந்து நிற்கும் பக்கங்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவை யோக்கியமானவை; தங்கள் பிழையை முகத்திலேயே எழுதிக்கொண்டு வருகின்றன.

பிழை நடந்த இடத்துக்கும் அது தெரியவரும் இடத்துக்கும் நடுவில் விழும் இந்தத் தூரத்தைத்தான் நான் குற்றம் என்று சொல்ல வருகிறேன். முகவரிதாரர் இல்லை என்று தபாலைத் திருப்பி அனுப்பினால் அனுப்பியவருக்கு உடனே தெரியும். பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு வந்தால் எப்போது தெரியும், யாருக்குத் தெரியும்? சரி, ஜாவாஸ்கிரிப்டும் ஒரு கட்டத்தில் கத்தத்தானே செய்கிறது என்று கேட்கலாம். கத்துகிறது, ஒரு படி தள்ளி. அன்டிஃபைன்டுக்குள் இருக்கும் ஓர் உறுப்பைக் கேட்டால், 'அன்டிஃபைன்டின் பண்புகளைப் படிக்க இயலாது, படிக்க முயன்றது லெங்த்' என்ற பொருளில் குரோம் உலாவியின் கன்சோலில் சிவப்பாக ஒரு வரி வரும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதிகம் பார்த்துச் சலித்த வாக்கியங்களில் ஒன்றாக இது இருக்கும். அதன் இலக்கணத்தைக் கவனியுங்கள்: எதைத் தேடிப் போனோம் என்று சொல்கிறது, எது இல்லாமல் போயிற்று என்று சொல்லவில்லை. இல்லாமல் போனதன் பெயர் ஒரு படி முன்னாலேயே கரைந்துவிட்டது. கணினி அறிவியலாளர் டோனி ஹோர், 1965இல் அல்கால் டபிள்யூ மொழிக்காகத் தான் கொண்டுவந்த நல் சுட்டியைப் பிற்காலத்தில் நூறு கோடி டாலர் தவறு என்று மேடையில் வருந்தினார் என்பது பிரசித்தம். ஜாவாஸ்கிரிப்ட் அந்த நல்லையும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் அன்டிஃபைன்டையும் உட்காரவைத்தது. இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் இரண்டும் ஒன்று, மூன்று சமக்குறியால் ஒப்பிட்டால் வேறு வேறு.

இன்னும் விநோதமான மூலைகள் இருக்கின்றன, அவற்றைக் கடந்துபோக மனம் வரவில்லை. பக்கத்தில் ஒரு கட்டத்துக்கு ஐடி என்று 'டோட்டல்' என்ற பெயரைக் கொடுத்திருந்தால், நிரலில் அறிவிக்க மறந்த 'டோட்டல்' என்ற பெயர் அந்தக் கட்டத்தையே போய்ப் பிடித்துக்கொள்ளும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தொடங்கிவைத்த இந்தப் பழக்கம் இன்று எச்டிஎம்எல் தரநிலையிலேயே இருக்கிறது. இல்லாத மாறிக்குப் பதில், பெயர் ஒத்த இன்னொருவர் ஆஜராகிவிடுகிறார். வரவேண்டிய பிழையும் வராமல் போகிறது. இதற்கு நேர்எதிரானது டாக்குமென்ட் டாட் ஆல். அது உலாவிக்குள் உண்மையிலேயே இருக்கிறது, கேட்டால் உறுப்புகளைத் தருகிறது. ஆனால் டைப்ஆஃப் போட்டுக் கேட்டால் 'அன்டிஃபைன்ட்' என்கிறது. அது இருந்தால் எக்ஸ்ப்ளோரர் என்று கருதி வேறு வழியில் போகும் பழைய பக்கங்கள் ஏராளம். அவை உடையக்கூடாது என்பதற்காக, இருக்கிற பொருளை இல்லை என்று சொல்லும் ஒரு விதிவிலக்கைத் தரநிலையே எழுதி வைத்திருக்கிறது. இந்த வேடிக்கைக்கெல்லாம் சிகரம் அன்டிஃபைன்ட் என்ற பெயரின் சொந்தக் கதை. அது மொழியின் ஒதுக்கப்பட்ட சொல் இல்லை, ஒரு சாதாரண மாறியின் பெயர். 2009இல் தரநிலையின் ஐந்தாம் பதிப்பு வந்து பூட்டுப் போடும்வரை அதற்குள் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். இல்லாமையின் அளவுகோலையே 5 என்று மாற்றிவிடலாம். அதற்குப் பயந்து 'வாய்டு பூஜ்யம்' என்று சுற்றிவளைத்து எழுதியவர்கள் உண்டு. செயற்கூறு ஒன்றுக்குள் அந்தப் பெயரில் சொந்த மாறி வைத்துக்கொள்ள இன்றும் தடை இல்லை.

இதற்கெல்லாம் முதல் மறுப்பு வலுவானது. சிறு வேலைகளுக்கான மொழி சிறு வேலை செய்கிறவரை மிரட்டக்கூடாது. பத்து வரி எழுதுகிறவரிடம் ஒவ்வொரு பெயருக்கும் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் அவர் எழுதவே மாட்டார் என்பார்கள். 1977இல் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் உருவாக்கிய ஆக் மொழி இந்த மறுப்புக்கு மிக அழகான சாட்சி. அதில் தொடாத மாறி எண்ணாகக் கேட்டால் பூஜ்யம், எழுத்தாகக் கேட்டால் வெற்றுச் சரம். ஒரு கோப்பில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண, சொல்லைக் குறியாக வைத்து ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். முதல் தடவை இருந்ததா இல்லையா என்று பார்க்கும் வரியே தேவையில்லை. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன், ஆனால் அது எதை நிரூபிக்கிறது என்பதில் எனக்கு வேறு கருத்து. இதுவரை எத்தனை பார்த்தோம் என்ற கேள்விக்குப் பூஜ்யம் உண்மையான விடை. அங்கே இல்லாமையும் பூஜ்யமும் ஒன்றுதான், ஆகவே எதுவும் மறைக்கப்படவில்லை. ஒரு பொருளின் விலை என்ன என்ற கேள்விக்குப் பூஜ்யம் விடை இல்லை, அது இலவசம் என்ற அறிவிப்பு. ஆக்கின் தாராளம் அதன் வேலைக்குப் பொருந்தியது. அதையே எல்லா வேலைக்கும் விரித்ததில்தான் வம்பு வந்தது. பைதான் இங்கே நிதானமாக நடந்திருக்கிறது. சாதாரண அகராதியில் இல்லாத குறியைக் கேட்டால் பிழை எறியும். எண்ணுவதற்கென்றே உள்ள கவுன்டர் என்ற வகையைக் கேட்டு வாங்கிக்கொண்டால் பூஜ்யம் தரும். பெர்ல் மொழியின் தாராளம் இன்னொரு எல்லை: உள்ளடுக்கில் ஒன்று இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாலே, அதற்கு வெளியடுக்கைத் தானாகவே உண்டாக்கி வைத்துவிடும். இருக்கிறதா என்று பார்த்தது யார் கண்ணிலும் படாமல் இருக்கவைத்ததாக முடிகிறது.

தாராளத்துக்கு விலை கொடுப்பது எழுதுகிறவர் மட்டும் என்றால் இவ்வளவு பேச அவசியமில்லை. பிஎச்பியின் வரலாறு அதைப் பொய்யாக்குகிறது. ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்ற ஒரு ஏற்பாடு அதில் இருந்தது. உலாவியின் முகவரிப் பட்டையில் வரும் பெயர்களெல்லாம் நிரலுக்குள் மாறிகளாகத் தாமே வந்து உட்காரும். சரியான கடவுச்சொல் என்றால் 'அனுமதி' என்ற மாறியை மெய் என்று வை, பிறகு அது மெய் என்றால் உள்ளே விடு என்று ஒருவர் எழுதியிருப்பார். முதலில் அதைப் பொய் என்று வைக்க மறந்திருப்பார். தொடாத மாறி எப்படியும் வெறுமைதானே என்ற நம்பிக்கை. முகவரியின் கடைசியில் அனுமதி சமம் 1 என்று சேர்த்து அனுப்பும் எவரும் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே போகலாம். எழுதியவர் காலியாக விட்ட இடத்தை முன்பின் தெரியாத ஒருவர் நிரப்பிவிட்டார். 2002இல் 4.2 பதிப்பில் இந்த ஏற்பாடு முன்னிருப்பாக அணைக்கப்பட்டது, 2012இல் 5.4 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது. அதே மொழியில், இல்லாத மாறிலியின் பெயரை எழுதினால் அந்தப் பெயரையே எழுத்துச் சரமாக எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. ஃபால்ஸ் என்று எழுதப் போய் இரண்டு எழுத்து இடம் மாறிவிட்டால், அது வெறுமையில்லாத ஒரு சரம். வெறுமையில்லாத சரம் மெய்க்குச் சமம். பொய் என்று எழுத நினைத்தவர் கையால் மெய் என்று எழுதவைத்த மொழி அது. 2020இல் எட்டாம் பதிப்பு வந்த பிறகுதான் அது பிழையாக நிறுத்தப்பட்டது.

அப்படியானால் எல்லா மொழியும் கத்தட்டும், பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லிவிடலாமா? என் வாதத்துக்கு மிகவும் இடைஞ்சலான சம்பவம் இங்கேதான் குறுக்கே நிற்கிறது. 2015 ஜனவரியில், லினக்ஸில் ஓடும் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் தொடக்க நிரல் ஒரு பயனரின் கோப்புகளை, இணைத்திருந்த வெளி வட்டில் இருந்தவை உட்பட, துடைத்து அழித்தது வெளியே தெரியவந்தது. அது ஷெல் நிரல். மென்பொருள் இருக்கும் கோப்புறைக்குள் நுழைந்து, அந்த இடத்தின் முகவரியை ஸ்டீம்ரூட் என்ற மாறியில் வைத்துக்கொள்ளும். பிறகு ஒரு கட்டத்தில், ஸ்டீம்ரூட்டுக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, அதற்குப் பின்னால் நட்சத்திரக்குறி, அங்கே இருக்கிற எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் அழி என்று ஒரு வரி. கோப்புறைக்குள் நுழைய முடியாமல் போனால் மாறி வெறுமையாகிவிடும். மிஞ்சுவது சாய்கோடும் நட்சத்திரமும், அதாவது கணினியின் வேரிலிருந்து சகலமும். அந்த வரிக்கு மேலே, பயமாக இருக்கிறது என்ற பொருளில் எழுதியவரே ஒரு குறிப்பு வேறு போட்டிருந்தார். ஷெல் மொழியில் அறிவிக்கப்படாத மாறியைத் தொட்டால் நிறுத்து என்று சொல்ல 'செட் மைனஸ் யு' என்ற கட்டளை இருக்கிறது, அதைப் போட்டிருந்தால் தப்பியிருக்கலாம் என்று தோன்றும். தப்பியிருக்க முடியாது. ஸ்டீம்ரூட் அறிவிக்கப்பட்ட மாறிதான், அதற்குள் வெற்றுச் சரம் முறைப்படி வைக்கப்பட்டிருந்தது. செட் மைனஸ் யு அதைக் கண்டுகொள்ளாது. பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டு, வெறுமையாக இருந்தாலும் நிறுத்து என்று தனியாகச் சொல்லியிருக்கவேண்டும். அல்லது கோப்புறைக்குள் நுழைந்தோமா இல்லையா என்று அந்த இடத்திலேயே பார்த்திருக்கவேண்டும். இந்த உதாரணத்தோடு மல்லுக்கட்டிய பிறகு என் வாதத்தை நான் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெயர் இல்லை என்றால் கத்துவது போதாது. நுழைய முடியவில்லை என்ற செய்தி வெற்றுச் சரமாக மாறிய கணத்தில்தான் அழிவு தொடங்கியது. வெற்றுச் சரம் மற்ற சரங்களோடு ஒட்டிக்கொள்ளத் தெரிந்த மதிப்பு. இன்மை தன் அடையாளத்தோடு பயணம் செய்கிறதா, அல்லது பார்த்தால் மதிப்பாகத் தெரியும் ஒன்றாக வழியிலேயே மாறிவிடுகிறதா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

ஜாவாஸ்கிரிப்டுக்கு வகைச் சோதனையைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட் வந்த பிறகும் இதையெல்லாம் பேசவேண்டுமா என்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. 2016இல் இரண்டாம் பதிப்பில் வந்த அதன் கண்டிப்பான நல் சோதனை பெரிய நன்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பட்டியலின் பத்தாவது உறுப்பைக் கேட்டால், பட்டியலில் மூன்றுதான் இருந்தாலும், அங்கே முறையான உறுப்பு இருப்பதாகவே அது எடுத்துக்கொள்கிறது. அதை மாற்ற வேறொரு அமைப்பைத் தனியாக முடுக்கவேண்டும், கண்டிப்பு என்ற பொதுப் பெயருக்குள் அது அடங்காது. அதன் வகைகள் எழுதும்போது மட்டும் உள்ளவை, ஓடும்போது உதிர்ந்துவிடும். சர்வரிலிருந்து வரும் தரவு ஒப்பந்தப்படி இருக்கும் என்று அது நம்புகிறதே தவிர, பார்ப்பதில்லை. எனக்கு இன்னும் கவலை தருவது 2020இல் ஜாவாஸ்கிரிப்டுக்குள் வந்த கேள்விக்குறிப் புள்ளி. இடையில் எது இல்லாவிட்டாலும் பிழை வராமல், அன்டிஃபைன்ட் என்று அமைதியாக முடித்துவைக்கும் குறி அது. முகவரியில் இரண்டாவது வரி இல்லாமல் இருக்கலாம். அங்கே அது பொருத்தமானது. கன்சோலில் சிவப்பு வரி வந்ததே என்று, ஏன் வந்தது என்று பார்க்காமல், சங்கிலி முழுக்க அந்தக் குறியைத் தூவிவிடும் வழக்கம் வேறு விஷயம். சிவப்பு வரி மறைந்துவிடும்; விலை இல்லாத பொருள் மேலே சொன்ன பயணத்தை நிம்மதியாகத் தொடங்கும். பயனருக்கு முன்னால் பக்கம் வெள்ளையாக விழுவதைவிட இது மேல் இல்லையா என்றால், காட்சிக்கு வைத்த ஒரு படம் வராமல் போனதற்காகப் பக்கத்தையே விழவைக்கவேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதமே. பணமும் அனுமதியும் அழிப்பதும் சம்பந்தப்பட்ட வரிகளில் அந்தச் சலுகைக்கு இடமில்லை.

மொழிகள் மெதுவாகத் திருந்துகின்றன. கண்டிப்பு முறையில், அறிவிக்காத பெயருக்குள் மதிப்பு வைத்தால் ஜாவாஸ்கிரிப்ட் 2009இலிருந்து பிழை எறிகிறது. 2015இல் வந்த லெட், கான்ஸ்ட் அறிவிப்புகளைத் தங்கள் வரிக்கு முன்னால் தொட்டாலும் எறிகிறது. அங்கே டைப்ஆஃபுக்குக்கூட விலக்கு இல்லை. எங்குமே பிறக்காத பெயரிடம் இன்னமும் கனிவாக இருக்கும் டைப்ஆஃப், இன்னும் நாலு வரியில் பிறக்கப்போகும் பெயரிடம் சீறுகிறது என்பது ஒரு முரண்தான், இருந்தாலும் சீறுவது நல்லதற்கே. வரையறுக்காத மாறியைப் படித்தால் ஒன்பதாம் பதிப்பிலிருந்து பிழை என்று பிஎச்பிக்காரர்கள் வாக்கெடுத்து முடிவு செய்திருக்கிறார்கள். ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் இல்லாத உறுப்பைக் கேட்டால் அன்டிஃபைன்ட் என்பது மாறப்போவதில்லை. கோடிக்கணக்கான பழைய பக்கங்கள் அதை நம்பி நிற்கின்றன. ஆகவே மொழி செய்யாததை எழுதுகிறவர்தான் செய்யவேண்டும். தரவு வெளியிலிருந்து நிரலுக்குள் நுழையும் இடத்தில், கட்டாயம் வேண்டியவை வந்திருக்கின்றனவா என்று ஒருமுறை கேளுங்கள். வரவில்லை என்றால் அந்த வரியிலேயே, வராததன் பெயரைச் சொல்லி, நிறுத்துங்கள். தொகையை ஒப்பிடுவதற்கு முன் அது எண்தானா என்று பாருங்கள். அழிக்கும் கட்டளைக்கு முன்னால் மாறி வெறுமையா என்று பாருங்கள். அடுத்தமுறை ஒரு கேள்விக்குறிப் புள்ளியைப் போடும்போது, இங்கே இது இல்லாமல் இருப்பது சரிதானா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.